எட்டாத வெள்ளைப் பந்தும் கியூ எக்ஸ்டென்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு சென்டரில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பூல் ஆடுகிறேன். கியூ என்னும் நீளக் கம்பால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்ற பந்துகளை மேசைக் குழிகளில் போடும் ஆட்டம் அது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைச் சொல்லியும் கொடுக்கிறேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம். அதனால் நடு மேசையில் போய் நிற்கும் வெள்ளைப் பந்தோடு எனக்குப் பல வருஷப் போராட்டம். எக்ஸ்டென்ஷனைப் பற்றி மேசையோரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பூலை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்னூக்கர் வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன?

கியூவின் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. சாதாரண பூல் கியூ 58 அங்குல நீளம், அதாவது 147 செ.மீ. இதோடு 4 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை ஒரு துண்டைச் சேர்த்தால் பிடிப்பதற்கு அவ்வளவு இடம் கூடுகிறது. சிலவற்றைத் திருகி மாட்ட வேண்டும், சிலவற்றைச் சொருகினால் போதும், சில குடைக்கம்பி மாதிரி இழுத்தால் நீளும்.

அக்கா, நான் எட்டித்தானே அடிக்கிறேன்? எனக்கு எதற்கு?

நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேராகச் சென்டருக்குப் போயிருந்தேன். அலுவலக அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பந்து ஆட்டம், 9-ஐப் போட்டவர் ஜெயிப்பார். மேசையில் மிச்சம் 8, 9 இரண்டுதான். வெள்ளைப் பந்து கிட்டத்தட்ட நடுவில். இடுப்பை மேசையின் ஓரச் சட்டமான ரெயிலில் அழுத்தி, வலது கால் விரல் நுனி மட்டும் தரையில் படும்படி எட்டினேன். இடது கை விரல்கள் துணியில் ஊன்றிவிட்டன, கியூ முனையும் பந்துக்கு வந்துவிட்டது. எட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்த நேரத்தில் கழுத்து அட்டை ஊஞ்சல் மாதிரி முன்னால் போய் வெள்ளைப் பந்தை லேசாகத் தட்டியது. ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். ஃபவுல். எதிராளி பந்தைக் கையில் எடுத்து வசதியான இடத்தில் வைத்து 8, 9 இரண்டையும் போட்டுவிட்டார்.

அட்டையைக் கழற்றி வைத்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் எப்போதும் ஆடும் ஒரு பெரியவர், எல்லாரும் அங்கிள் என்று கூப்பிடுவோம், அவர் வந்து, "அட்டைய விடும்மா, அந்த அடிய முதல்ல எனக்கு அடிச்சுக் காட்டு" என்றார். பந்துகளை அதே இடத்தில் வைத்து அடித்தேன். போகவில்லை. இன்னும் இரண்டு முறை அடித்தேன், அதுவும் போகவில்லை.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. சாதாரணமாக எட்டக்கூடிய ஓர் அடிக்கு என்னைக் குனியச் சொன்னார். என் பின்கை, அதாவது கியூவைப் பிடித்து அடிக்கும் கை, இருந்த இடத்தில் கியூவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டார். "இப்ப உன் முழங்கைக்குக் கீழ கை நேரா தொங்குது பாரு, ஊஞ்சல் கயிறு மாதிரி" என்றார். பிறகு அந்த எட்டாத பந்துக்குப் போகச் சொன்னார். மேசையில் ஊன்றும் கையை, அதாவது முன்கையை, எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். பின்கை கியூவின் கடைசி நுனியில், பம்பர் ரப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தது. முழங்கையைத் தொட்டு, "இங்கேருந்து கை நேரா தொங்கினா எங்க வரும்னு பாரு" என்று ஒரு விரலால் காட்டினார். அந்த விரல் பம்பருக்கு ஒரு சாண் பின்னால், வெறும் காற்றில் இருந்தது.

என் பின்கை இருக்க வேண்டிய இடத்தில் கியூவே இல்லை. அதனால் கை முன்னால் இழுபட்டு, தோள் உயர்ந்து, பந்தை வீசி அடிக்காமல் குத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புரிந்தது இதுதான்: பந்தைத் தொடும் முன்னுனிக்காக எக்ஸ்டென்ஷன் இல்லை. பின்கை தன் வழக்கமான இடத்தில் தொங்குவதற்காகத்தான் அது. முனை பந்துக்கு எட்டுவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். குனிந்த பிறகு பின்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் மாட்டிய பிறகு எங்கே பிடிப்பது?

எக்ஸ்டென்ஷனின் கடைசி நுனியைப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். வாங்கிய நீளம் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை.

முன்கையை ஊன்றுங்கள். கியூ முனை வெள்ளைப் பந்தைத் தொடும் அளவுக்குக் கிட்டே வரட்டும். அந்த நிலையில் பின்கையைத் தளர விட்டால் முழங்கையிலிருந்து நேர்க்கீழே எங்கே வந்து நிற்கிறதோ, அங்கே பிடியுங்கள். சில அடிகளுக்கு அது எக்ஸ்டென்ஷன் மேல் வரும், சில அடிகளுக்கு கியூவின் பழைய நுனியில் வரும். இரண்டும் சரிதான். மிச்ச நீளம் கைக்குப் பின்னால் சும்மா நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

முன்கைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. எட்டி ஆடும்போது விரல்களால் கியூவைச் சுற்றிப் பிடிக்கும் மூடிய பிரிட்ஜ் (கியூவைத் தாங்கும் கை அமைப்பு) பெரும்பாலும் இறுகிவிடும், மணிக்கட்டு திரும்பிவிடும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கியூவைக் கிடத்தும் திறந்த பிரிட்ஜ் போதும். விரல் நுனிகளைத் துணியில் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். உடல் பாரம் இடுப்பு வழியாக ரெயிலுக்குப் போகட்டும். முன்கை மேல் பாரம் விழுந்தால் அது நடுங்கும். பெல்ட் பக்கிள் இருந்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள், ரெயிலில் கீறல் விழுந்தால் சென்டர்காரர் சும்மா விடமாட்டார்.

எக்ஸ்டென்ஷனா, ரெஸ்ட்டா, இடது கையா? எதை எப்போது எடுப்பது?

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. முன்கை மேசையில் வசதியாக ஊன்றுகிறது, ஆனால் பின்கைக்கு இடம் போதவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன். முன்கையே ஊன்ற இடம் இல்லை, அல்லது ஊன்றினால் உடம்பு வேறு பந்தைத் தொட்டுவிடும் என்றால் ரெஸ்ட், அதாவது முன்கைக்குப் பதிலாகக் கியூவைத் தாங்கும் தலை உள்ள நீளக் கோல். இந்த இரண்டுக்கும் நடுவில் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பந்து மூன்றரை அடி தள்ளி இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கொண்டு முன்கையை நடுங்க நடுங்க நீட்டுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் உங்கள் முன்கையை ஓர் அங்குலம்கூட நீளமாக்காது.

எக்ஸ்டென்ஷனின் பெரிய பலம், உங்கள் சொந்தக் கையே பிரிட்ஜாக இருப்பது. கண் கியூ மேல் இருக்கும், வெள்ளைப் பந்தைக் கீழே அடித்துப் பின்னால் இழுப்பது, பக்கத்தில் அடித்துச் சுழற்றுவது எல்லாம் வழக்கம் போல வரும். ரெஸ்ட் வைத்தால் கியூ சற்று மேலிருந்து சரிந்து வரும், கை பக்கவாட்டில் அசையும். அங்கே நடுவில் அடிப்பதே பத்திரம்.

இடது கையில் ஆடத் தெரிந்தால் அது தனி வரம். ஸ்னூக்கரில் ரோனி ஓ'சல்லிவன் வலது கைக்காரர், ஆனால் தேவைப்பட்டால் இடது கைக்கு மாற்றி அதே சரளத்தோடு ஆடுவார். கிட்டத்து அடிகளுக்கு மட்டுமாவது நீங்களும் பழகி வையுங்கள். வாரத்தில் பத்து நிமிஷம் போதும். ஆனால் போட்டியில் 9 பந்துக்கு முதல் தடவையாக இடது கையை முயற்சி செய்யாதீர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. உயரம் குறைந்தவர்கள் வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்கு எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும்போது, ‘கோணம் நன்றாக இருக்கிறதா’ என்பதோடு ‘எனக்கு எட்டுமா’ என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 9 அடி மேசையின் ஆடுதளம் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ரெயிலிலிருந்து ஒரு முழத்துக்குள் வெள்ளைப் பந்தை நிறுத்தினால் நமக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். உயரமான ஆள் நடுவில் நிறுத்துவதைப் பார்த்து நாமும் நிறுத்தக் கூடாது.

எடை கூடுமே, அடியின் வேகம் மாறிவிடாதா?

நினைப்பதை விடக் குறைவாகத்தான் மாறும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கியூ 19 அவுன்ஸ் (சுமார் 540 கிராம்), எக்ஸ்டென்ஷன் 3 அவுன்ஸ், வெள்ளைப் பந்து 6 அவுன்ஸ் என்று வையுங்கள். கியூ அதே வேகத்தில் வந்து மோதினால், 22 அவுன்ஸ் கியூ வெள்ளைப் பந்துக்குக் கொடுக்கும் வேகம் 19 அவுன்ஸ் கியூ கொடுப்பதை விட ஏறக்குறைய 3 விழுக்காடுதான் அதிகம். மேசையில் அது கண்ணுக்கே தெரியாது.

ஆனால் எக்ஸ்டென்ஷன் மாட்டியதும் பந்து ஓடுகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. காரணம்தான் வேறு. எட்டி ஆடும்போது முன்கைக்கும் பந்துக்கும் நடுவே உள்ள தூரம் வழக்கமான 8 அங்குலத்திலிருந்து 12, 14 ஆகிவிடுகிறது. கியூவைப் பின்னால் இழுக்க அவ்வளவு இடம் கிடைத்ததும் கை தானாக நீளமாக இழுக்கிறது. நீளமாக இழுத்ததும் வேகமாக வருகிறது. ஆக, பின்னிழுப்பைச் சுருக்குங்கள். வழக்கமாக எவ்வளவு இழுப்பீர்களோ அவ்வளவே இழுங்கள், முன்னால் எவ்வளவு இடம் இருந்தாலும் சரி.

எடையை விட முக்கியமானது சமநிலைப் புள்ளி. கியூவை ஒரு விரலில் கிடத்தினால் சாயாமல் நிற்கும் இடம் அது. பின்நுனியிலிருந்து 19 அங்குலத்தில் அது இருக்கும் ஒரு கியூவில், 8 அங்குலம், 3 அவுன்ஸ் எக்ஸ்டென்ஷனை மாட்டினால் புள்ளி சுமார் 3 அங்குலம் பின்னால் போகிறது. விரல் மேல் முன்பாதி லேசாகிவிட்டது தெரியும். அதனால் முனை துள்ளும், நினைத்ததை விடச் சற்று மேலே அடிக்கும். இழுத்து ஆட நினைத்த அடி அங்கேயே நின்றுவிடுவது இதனால்தான். அடிக்கும் முன் முனை எங்கே நிற்கிறது என்று கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபைபரில் வரும் எக்ஸ்டென்ஷன்கள் லேசானவை, இந்த மாற்றம் அவற்றில் குறைவு.

சைடு போட்டால், அதாவது பக்கத்தில் அடித்துச் சுழற்றினால், வெள்ளைப் பந்து குறியிலிருந்து விலகுவது எக்ஸ்டென்ஷனால் கூடுமா?

இல்லை, அதே அளவுதான். முனை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அவ்வளவு நேரத்தில் கியூவின் முன்னால் உள்ள சில அங்குலங்களின் எடைதான் அந்த விலகலில் பங்கெடுக்கும். பின்னால் என்ன மாட்டியிருக்கிறது என்பது பந்துக்குத் தெரிய நேரமே இல்லை. ஆகவே வழக்கமாக எவ்வளவு தள்ளிக் குறி வைப்பீர்களோ அப்படியே வையுங்கள். ஆனாலும் எட்டி ஆடும்போது கை நேராகப் போவது கடினம் என்பதால், சைடு இல்லாமல் ஆட வழி இருந்தால் நான் அதையே எடுப்பேன்.

விதிப்படி இது செல்லுமா?

செல்லும். டபிள்யூ.பி.ஏ. எனப்படும் உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகள், கியூவின் நீளத்தைக் கூட்ட உள்ளேயே அமைந்த எக்ஸ்டென்ஷனையும் அனுமதிக்கின்றன, தனியாக மாட்டுவதையும் அனுமதிக்கின்றன. கியூவுக்குக் குறைந்தபட்ச நீளம் 40 அங்குலம் என்று இருக்கிறது. அதிகபட்சம் என்று ஒன்று இல்லை. ரெஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது கால். முனை வெள்ளைப் பந்தைத் தொடும் கணத்தில் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபவுல். ரெயில் மேல் உட்காரலாம், ஒரு காலைத் தூக்கி மேசை மேல் கிடத்தலாம், ஆனால் மற்றொரு கால் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலணியும் இயல்பான அளவில், இயல்பாகப் போட்டதாக இருக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. செருப்பைக் கால் விரலில் தொங்க விட்டு, அது தரையில் படுகிறதே என்று வாதாட முடியாது.

அடுத்தது உடை. சட்டை நுனி, தாவணி, பின்னல், சங்கிலி, என் விஷயத்தில் அலுவலக அட்டை, எது பந்தைத் தொட்டாலும் நீங்கள் தொட்டதாகத்தான் கணக்கு. ரெஃபரி இல்லாத பல போட்டிகளில் வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுல், மற்ற பந்து தெரியாமல் அசைந்தால் எதிராளி அதைத் திரும்ப வைக்கச் சொல்லலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த ஏற்பாடு என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எடுத்தால் ஆடத் தெரியாதவர் என்று நினைப்பார்களா?

இதை என்னிடம் அதிகம் கேட்பவர்கள் பையன்கள். பெண்பிள்ளைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை, கையில் கொடுத்தால் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

தொழில்முறை ஆட்டம் எதையாவது எடுத்துப் பாருங்கள். நாற்காலி பக்கத்தில் கியூ முனையில் தேய்க்கும் சாக், துண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஒரு குட்டைத் துண்டும் நிற்கும். அதுதான் எக்ஸ்டென்ஷன். ஆறடி ஆட்களும் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், உலக ஒன்பது பந்துப் பட்டங்களை வென்றவர், பார்க்கிறவர்கள் திகைக்கும் நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் மாட்டி ஆடியவர். நீட்டி நெளிந்து தவறவிடுவதில் ஒரு பெருமையும் இல்லை. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

எந்த வகை வாங்குவது? என் கியூவுக்குப் பொருந்துமா?

முதலில் உங்கள் கியூவின் பின்னால் இருக்கும் ரப்பர் பம்பரைப் பாருங்கள். அதைத் திருகிக் கழற்ற முடிகிறதா, வெறுமனே சொருகி இருக்கிறதா? கழற்றினால் உள்ளே உலோக மரை தெரிகிறதா, மரம்தான் தெரிகிறதா? சில கியூக்களில் பம்பருக்கு உள்ளே எடை கூட்டும் போல்ட் இருக்கும். இதைப் பார்க்காமல் இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கி, மரை சேராமல் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிரடேட்டர், மெஸ், கியூடெக் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தங்களுக்கென்று ஓர் இணைப்பு முறை வைத்திருக்கின்றன. ஒன்றின் எக்ஸ்டென்ஷன் மற்றொன்றில் அப்படியே சேரும் என்று எண்ண வேண்டாம். நல்ல விரைவு இணைப்பு இருந்தால் பம்பரைக் கழற்றாமலே சொருகி ஒரு திருப்பு திருப்பினால் ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும். அந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம், ஏனென்றால் மாட்டுவது தொந்தரவாக இருந்தால் நீங்கள் மாட்டவே மாட்டீர்கள். சும்மா நீட்டி அடித்துவிடலாம் என்று தோன்றிவிடும். விலை சில நூறு ரிங்கிட் வரை போகும்.

கியூவில் மரையே இல்லையென்றால் ரப்பர் உறை போலப் பின்னால் சொருகும் வகை இருக்கிறது. சில பத்து ரிங்கிட்டில் கிடைக்கும். ஸ்னூக்கர்காரர்கள் அதிகம் வைத்திருப்பது இதுவும், இழுத்தால் நீளும் வகையும்தான். நம் ஊரில் ஸ்னூக்கர் கியூவிலேயே பூல் ஆடுபவர்கள் நிறைய. உங்கள் கியூவோடு குட்டி பட் (பின்னால் மாட்டும் குட்டைத் துண்டு) ஒன்று பெட்டியில் வந்திருந்தால் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். சொருகும் வகை வாங்கினால் மாட்டிய பிறகு கியூவை லேசாக உதறிப் பாருங்கள். ‘கடகட’ என்று அசைந்தால் வேண்டாம். அடிக்கும்போது பின்னால் ஏதோ அசைகிறது என்ற நினைப்பே கையைக் கெடுத்துவிடும்.

கியூவின் முன்பாதியான ஷாஃப்டுக்கும் பின்பாதியான பட்டுக்கும் நடுவில் போடும் வகையும் ஒன்று உண்டு. பிடிக்கும் இடம் உங்களுக்குப் பழகிய அதே உறை மேலேயே இருக்கும் என்பது அதன் அருமை. ஆட்டத்துக்கு நடுவில் கியூவை இரண்டாகக் கழற்றி மாட்ட வேண்டும் என்பது தொல்லை. எப்போதும் நீளமான கியூவே வேண்டும் என்கிற உயரமானவர்களுக்கு அது ஏற்றது. எட்டாத அடிக்கு மட்டும் வேண்டும் என்றால் பின்னால் மாட்டுவதையே வாங்குங்கள்.

மரை சேரவில்லை என்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள். கியூ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் பின்னால் உலோக மரை பதித்துத் தருவார்.

எத்தனை அங்குலம்?

ஒன்று மட்டும் வாங்குவதென்றால் 8 அங்குலம். 4, 5 அங்குலம் பல அடிகளுக்கு அரைகுறையாக நிற்கும். 12 அங்குலம் பின்னால் கனத்து, சுவரில் இடிக்கும். நம் சென்டர்களில் மேசைக்கும் மேசைக்கும் இடைவெளி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பப்புகளில் இருக்கும் 7 அடி மேசையில் மட்டும் ஆடுபவராக இருந்தால் காசைச் சேர்த்து வையுங்கள், அங்கே பெரும்பாலும் தேவைப்படாது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போதே பழக்கலாமா?

பழக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு 58 அங்குல கியூவே ஏற்கெனவே நீளம். அவர்களின் பின்கை இயல்பாகத் தொங்கும் இடம் பம்பரிலிருந்து ஓர் அடி முன்னால் இருக்கும். எட்டி ஆடும்போதும் அவர்களுக்குப் பின்னால் பிடிக்க இடம் மிச்சம் இருக்கலாம். அவர்களுக்கு எட்டாததற்குக் காரணம் முன்கையும் மேசை உயரமும்தான். மேசையின் ஆடுதளம் தரையிலிருந்து 29¼ முதல் 31 அங்குல உயரம், ரெயில் அதற்கும் மேலே. சின்னப் பிள்ளைக்கு அது வயிற்றுக்கு மேலே வரும். அவர்களுக்கு முதலில் ரெஸ்ட் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். வளர வளர, எட்டி ஆடும்போது பின்கை பம்பரைத் தொட ஆரம்பித்த நாளில் எக்ஸ்டென்ஷனைக் கையில் கொடுங்கள்.

எப்படிப் பழகுவது?

தேவைப்படும்போது மட்டும் எடுத்தால் அது எப்போதும் அந்நியமாகவே இருக்கும். பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் மணி நேரம் இதற்கென்று வையுங்கள்.

முதல் ஐந்து நிமிஷம் பந்தே வேண்டாம். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசையில் கிடத்தி, அதன் வாய்க்குள் கியூ முனை பக்கத்தில் படாமல் போய் வரும்படி ஆட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் பத்து முறை, மாட்டிப் பத்து முறை. மாட்டிய பிறகு முனை எந்தப் பக்கம் இடிக்கிறது என்று பார்த்தால் உங்கள் கை எங்கே விலகுகிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு எப்போதும் இடது ஓரம்தான் இடிக்கும். பிடியை இறுக்குவதால் அப்படி ஆகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது. மூன்று விரலால் தளர்வாகப் பிடித்த அன்றைக்குச் சரியானது.

பிறகு வெள்ளைப் பந்தை மேசை நடுவிலும், வேறொரு பந்தை மூலைக் குழிக்கு ஓர் அடி முன்னால் நேர்கோட்டிலும் வையுங்கள். மெதுவாகப் போடுங்கள். போன பிறகு வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது என்பதுதான் பாடம். முதலில் அடித்த இடத்திலேயே நிறுத்தப் பாருங்கள், அது வந்த பிறகு ஒரு சாண் முன்னால் ஓட விடுங்கள், கடைசியாக ஒரு சாண் பின்னால் இழுங்கள். இழுப்பதுதான் கஷ்டம், முன்பு சொன்ன துள்ளும் முனையால். பத்தில் ஆறு வந்தால் போட்டிக்கு எடுத்துப் போகலாம்.

எப்போதும் மாட்டிக்கொண்டே ஆடினால் என்ன?

கைகள் நீளமான, உயரமான ஆட்கள் அப்படிச் செய்கிறார்கள். வழக்கமான அடிக்கே அவர்களின் பின்கை பம்பர் மேல்தான் விழுகிறது, அவர்களுக்கு அது நியாயம். என்னைப் போன்ற உயரத்துக்கு வேண்டாம். கைக்குப் பின்னால் ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் பின்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கியூவின் எடையும் நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்காது.

ஆட்டத்துக்கு நடுவில் போய் எடுத்து மாட்டுவது எதிராளிக்குத் தொந்தரவு இல்லையா?

இல்லை. ஆனால் குனிந்து, நீட்டிப் பார்த்து, எட்டவில்லை என்று எழுந்து, அப்புறம் போய் எடுப்பது உங்களுக்கே தொந்தரவு. அதற்குள் மனத்தில் போட்ட கணக்கு கலைந்துவிடும். வெள்ளைப் பந்து உருண்டு நிற்கும்போதே ‘இது எட்டாது’ என்று தெரியும். அப்போதே போய் எடுங்கள், மாட்டிக்கொண்டே கோணத்தைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தாலும் மாட்டிவிடுங்கள். மாட்டியும் முன்னால் பிடித்துக்கொள்ளலாம், மாட்டாமல் பின்னால் பிடிக்க முடியாது.

நேரக் கட்டுப்பாடு உள்ள போட்டிகளில் ஒரு குழப்பம் வரும். அங்கே அடிக்கு இத்தனை நொடி என்று கடிகாரம் ஓடும். தேவைப்பட்டால் கூடுதல் நேரம் கேட்கலாம், அதற்கும் பெயர் ‘எக்ஸ்டென்ஷன்’தான். கியூவில் மாட்டும் துண்டை எடுக்கப் போகும்போது அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் ரெஃபரி உங்கள் கூடுதல் நேரத்தைக் கழித்துவிடக்கூடும். பேசாமல் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்டர் கியூவில்தான் ஆடுகிறேன். எனக்கு வழி?

கவுண்டரில் கேளுங்கள். ஸ்னூக்கர் மேசை வைத்திருக்கும் சென்டர்களில் இழுத்தால் நீளும் எக்ஸ்டென்ஷன் ஒன்றாவது எங்காவது சாய்ந்திருக்கும். மாட்டும் முன் அதன் வாய்க்குள் இருக்கும் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள், பழசானால் பிசுபிசுக்கும், கியூவில் சரியாகப் பிடிக்காது. அது இல்லாவிட்டால் ரெஸ்ட் எடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

மரையில் சாக் தூள் சேரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது களிம்பு மாதிரி ஆகி, திருகும்போது ‘கரகர’ என்று சத்தம் வரும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் உலர்வாகத் தேய்த்துவிட்டுத் துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். மாட்டும்போது இரண்டு விரலால் முதல் இரண்டு சுற்று தானாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் கியூவின் மரமும் கெடும், சொருகும் வகையின் ரப்பரும் தளரும்.

ஆடும்போது எங்கே வைப்பது என்றும் ஒரு தம்பி கேட்டான். ரெயில் மேல் வைக்காதீர்கள், ஓடி வரும் பந்து பட்டால் பழி உங்கள் மேல்தான் வரும். சுவரில் சாய்த்தால் வழுக்கி விழும், அதுவும் எதிராளி குனிந்திருக்கும் நேரத்தில். நான் கியூ பெட்டியின் பக்கப் பையில், தலை வெளியே தெரியும்படி நிறுத்தி, பெட்டியை என் நாற்காலிக்கு வலப்பக்கம் வைத்துக்கொள்கிறேன். எழும்போது கை அதன் மேலேயே போய் விழும்.